ஸ்பானியர் ஆண்ட அமெரிக்காவில் யார் எந்தப் படியில் நின்றார்கள்?

கேள்வி இதுதான். வரலாறு படிக்கும் ஒரு மாணவர் தன் பாடநூலில் ஒரு பிரமிடு படத்தைப் பார்த்திருக்கிறார். உச்சியில் ஸ்பெயினில் பிறந்த வெள்ளையர், அடுத்து அமெரிக்காவில் பிறந்த வெள்ளையர், அதன்கீழ் கலப்பினத்தார், அதற்கும் கீழே பூர்வகுடிகள், அடித்தட்டில் ஆப்பிரிக்க அடிமைகள். "ஸ்பானியக் காலனிகளில் சமூகம் உண்மையிலேயே இப்படித்தான் இருந்ததா? இது நம் சாதி அடுக்கைப் போன்றதுதானா? பிறந்த படியிலிருந்து ஒருவர் ஏற முடிந்ததா?" என்று கேட்கிறார்.

அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் ஒரே ஏணியில் எல்லோரையும் நிறுத்தி வைத்ததால், அந்தச் சமூகம் எப்படி இயங்கியது என்பதை அது மறைத்துவிடுகிறது. யார் அரசனுக்குத் தலைவரி கட்ட வேண்டும், யாரைச் சுரங்கத்துக்கு இழுத்துப் போகலாம், யார் பதவியில் உட்காரலாம், யார் பட்டாடை உடுத்தலாம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை, ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்பட்ட ஒரு சொல்லில் இருந்தது. அந்தச் சொல்லை எழுதியவர்கள் கோயில் பாதிரியாரும் வரிக் கணக்கரும். ஆகவே தோலின் நிறத்திலிருந்து தொடங்காமல் அந்தக் கணக்குப் புத்தகங்களிலிருந்து தொடங்குகிறேன்.

ஸ்பானியர் முதலில் வகுத்தது இரண்டே பிரிவுகள்தான். ஒன்று ஸ்பானியரின் சமுதாயம், மற்றொன்று 'இந்தியோ'க்களின் சமுதாயம். (கொலம்பஸின் தவற்றால் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இந்தியோ.) இரண்டுக்கும் தனித்தனி ஊர்கள், தனித்தனி ஊராட்சி மன்றங்கள், தனித்தனிச் சட்டங்கள். பூர்வகுடி ஆண்கள் 18 வயதிலிருந்து 50 வயது வரை அரசனுக்குத் தலைவரி கட்ட வேண்டும். கட்டாய உழைப்புக்கும் போக வேண்டும். அதற்கு ஈடாகச் சில பாதுகாப்புகளும் இருந்தன. ஊர்ப் பொதுநிலம் அவர்களுடையது. தங்கள் நிலத்தில் விளைந்ததை விற்றால் விற்பனை வரி இல்லை. 1571க்குப் பிறகு, மதக் குற்றங்களை விசாரித்த கொடூரமான இன்குவிசிஷன் மன்றத்துக்கு அவர்கள்மேல் அதிகாரம் இல்லை. மெக்சிகோ நகரில் 1592 முதல் அவர்கள் வழக்குகளைக் கேட்பதற்கென்றே ஒரு தனி நீதிமன்றம் இயங்கியது. ஓலைச் சுவடிபோல் ஊரின் பழைய நிலப் பத்திரங்களைப் பொத்திப் பாதுகாத்து, தலைமுறை தலைமுறையாக வழக்காடிய கிராமங்கள் ஏராளம்.

இங்கேயே பிரமிடு ஆட்டம் காண்கிறது. பெருவில் 'குராக்கா' என்று அழைக்கப்பட்ட பூர்வகுடித் தலைவர்கள் பிரபுக்களாக ஏற்கப்பட்டவர்கள். 'தோன்' என்ற மரியாதைப் பட்டம் அவர்களுக்கு உண்டு. குதிரை ஏறலாம், வாள் தரிக்கலாம்; அவர்களுடைய பிள்ளைகளுக்கென்று லீமாவிலும் குஸ்கோவிலும் தனிப் பள்ளிகள் இருந்தன. கழுதை ஓட்டிப் பிழைத்த ஒரு மெஸ்திசோ, அதாவது ஸ்பானியத் தந்தைக்கும் பூர்வகுடித் தாய்க்கும் பிறந்தவர், பிரமிடில் அந்தக் குராக்காவுக்கு மேலே இருக்கிறார். தெருவில் எதிரே வந்தால் தொப்பியைக் கழற்ற வேண்டியவர் அந்த மெஸ்திசோதான்.

எந்தக் கணக்கிலும் அடங்காத பிள்ளைகள்தான் அரசுக்குத் தலைவலி ஆனார்கள். போரிட வந்த ஸ்பானியர் பெரும்பாலும் ஆண்கள். பூர்வகுடிப் பெண்களோடு வாழ்ந்தார்கள். மணம் முடித்தவர்கள் குறைவு; வன்முறையால் நேர்ந்த உறவுகளும் பல. ஆகவே 'மெஸ்திசோ' என்ற சொல்லுக்கே தொடக்க காலத்தில் முறைதவறிப் பிறந்தவர் என்ற வாடை இருந்தது. அந்தச் சொல்லை வெட்கமின்றித் தலைநிமிர்ந்து ஏற்றவர் இன்கா கார்சிலாசோ. 1539இல் குஸ்கோவில் ஒரு ஸ்பானியத் தளபதிக்கும், ஸ்பானியருக்கு முன் பெருவை ஆண்ட இன்கா அரச குலத்துப் பெண்ணுக்கும் பிறந்தவர். ஸ்பெயினில் இருந்துகொண்டு எழுதியபோது, தன்னை மெஸ்திசோ என்று வாய் நிறையச் சொல்லிக்கொள்வதாகவும் அதைப் பெருமையாகக் கருதுவதாகவும் எழுதினார். எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. அவருக்குத் தாய்வழியில் அரச குலமும் தந்தைவழியில் பிரபுக் குடும்பமும் இருந்தன.

மெஸ்திசோக்களுக்குத் தலைவரி கிடையாது. ஆப்பிரிக்க வழியில் வந்த சுதந்திர மனிதர்களுக்கோ, 1574ஆம் ஆண்டின் அரசாணைப்படி, உண்டு. இந்த ஒரு வேறுபாடு எத்தனையோ பேரின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. கிராமத்தில் இந்தியோவாகப் பதிவானவர் நகரத்துக்கு வருகிறார், தலைமுடியை வெட்டிக்கொள்கிறார், ஸ்பானிய பாணியில் உடுத்துகிறார், ஸ்பானிய மொழி பேசுகிறார். சில ஆண்டுகளில் அண்டை வீட்டார் அவரை மெஸ்திசோ என்கிறார்கள். வரிக் கணக்கரின் ஏட்டிலிருந்து அவர் பெயர் நழுவிவிடுகிறது. 1692 ஜூனில் மெக்சிகோ நகரில் மக்காச்சோளத் தட்டுப்பாட்டால் கலகம் மூண்டு அரச மாளிகையே எரிந்தபோது, ஆட்சியாளர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, நகர மையத்தில் குடியேறியிருந்த பூர்வகுடிகளைத் தங்கள் பழைய பேட்டைகளுக்கே திரும்பிப் போகுமாறு ஆணையிட்டது. யார் யார் என்று கண்டுபிடிக்க முடியாமல் கலந்து வாழ்ந்ததுதான் அவர்களைப் பயமுறுத்தியது.

பெருவில் இந்தச் சொல்லின் விலை இன்னும் கொடியது. இன்றைய பொலிவியாவில் உள்ள பொத்தோசி வெள்ளி மலைக்கு ஆள் சேர்க்க, 1573இல் அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ தே தொலேதோ 'மித்தா' என்ற முறையை அமைத்தார். மித்தா இன்காக்களின் பழைய சொல்தான். சமுதாயத்துக்காக முறைவைத்து உழைப்பது என்று பொருள். அந்தப் பழைய சொல்லுக்குள் புதிய கொடுமையை வைத்தார்கள். மலைப்பகுதியின் 16 மாகாணங்கள் ஆண்டுதோறும் வரி கட்டும் ஆண்களில் ஏழில் ஒருவரை, ஏறத்தாழ 13,500 பேரை, அனுப்ப வேண்டும். தித்திகாக்கா ஏரிக்கரையிலிருந்து மனைவி மக்களோடும், உணவு சுமந்த லாமா விலங்குகளோடும் வாரக்கணக்கில் நடந்தே வந்தார்கள். கடல்மட்டத்துக்கு 4,000 மீட்டருக்கும் மேலே, இருட்டில், தாதுக் கல்லை முதுகில் கட்டிக்கொண்டு தோல் ஏணிகளில் ஏறினார்கள். கூலி உண்டு, ஆனால் அது வந்துபோகும் செலவுக்கே காணாது. பலர் ஊர் திரும்பவே இல்லை.

இதிலிருந்து தப்ப ஒரே வழி, பிறந்த ஊரை விட்டு ஓடுவது. மித்தா ஊர்ப் பதிவைப் பொறுத்தது. வேற்றூரில் 'வந்தேறி' என்று பதிவானவருக்கு அது கிடையாது. விலை என்ன? சொந்த நிலத்தில் இருந்த உரிமை, குலதெய்வத்தின் மலை, உறவு எல்லாம் போய்விடும். லட்சக்கணக்கானோர் அந்த விலையைக் கொடுத்தார்கள். ஓடியவர்களின் பங்கும் மிஞ்சியவர்களின் தலையில் விழுந்தது. ஆள் கிடைக்காத குராக்காக்கள் பணமாகக் கட்டினார்கள். சுரங்க முதலாளிகள் பணத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆள் வந்ததாகக் கணக்கு எழுதினார்கள். அந்த ஆட்களுக்கு 'சட்டைப்பை இந்தியோ' என்றே பெயர் வந்துவிட்டது. இந்த மித்தா சட்டப்படி ஒழிந்தது 1812இல்தான். பிரமிடின் கோடுகளைப் பார்ப்பவர்களுக்கு இந்த 239 ஆண்டுகள் தெரியாது என்பதுதான் எனக்கு அந்தப் படத்தின் மேல் உள்ள பெரிய வருத்தம்.

இனி பாதிரியாரின் பேனாவுக்கு வருவோம். பல கோயில்களில் ஞானஸ்நானப் பதிவேடுகள் பிரிவு வாரியாக இருந்தன: ஸ்பானியருக்கு ஒன்று, இந்தியோக்களுக்கு ஒன்று, கலப்பினத்தாருக்கு ஒன்று. எந்த ஏட்டைத் திறப்பது என்பதைப் பாதிரியார் குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யவில்லை. பெற்றோர் சொன்னது, ஞானப் பெற்றோராக நின்றவரின் செல்வாக்கு, உடை, ஊர்ப்பேச்சு எல்லாம் சேர்ந்தன. இந்தக் கூட்டுத்தொகைக்கு அவர்கள் வைத்த சொல் 'காலிதாத்'. நம் மொழியில் 'தரம்' என்று வைத்துக்கொள்ளலாம். நிறமும் பிறப்பும் அதில் பாதி. தொழில், சொத்து, மானம், பழகும் வட்டம் மீதி. ஒரே மனிதர் ஞானஸ்நானத்தில் முலாத்தோ (ஸ்பானிய-ஆப்பிரிக்கக் கலப்பினர்), திருமணத்தில் மெஸ்திசோ, சாவுப் பதிவில் ஸ்பானியர் என்று எழுதப்படுவது நடக்கக்கூடியதாக இருந்தது.

மெக்சிகோவின் விடுதலைப் போரை வழிநடத்திய ஹோசே மரியா மொரேலோஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கலப்பின வழியினர் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு ஐயமில்லை. 1765ஆம் ஆண்டின் அவரது ஞானஸ்நானப் பதிவோ பெற்றோரை ஸ்பானியர் என்கிறது. அந்த ஒரு சொல் இல்லாமல் அவர் படித்துப் பாதிரியாராகியிருப்பது மிகக் கடினம்.

அதே பேனா எதிர்ப்பக்கமும் திரும்பும். நம் ஊர்க் கத்தோலிக்கக் கோயில்களில் கையில் துடைப்பத்தோடு நிற்கும் புனித மார்ட்டின் தே போரஸ் சிலையைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1579இல் லீமாவில் பிறந்தவர். தந்தை ஸ்பானியப் பிரபு. தாய் ஆனா, விடுதலை பெற்ற கறுப்பினப் பெண். அவருடைய ஞானஸ்நானப் பதிவில் தந்தை பெயர் தெரியாதவர் என்று எழுதினார்கள். ஆப்பிரிக்க வழியினர் முழுத் துறவியாகச் சபைகளில் சேரத் தடை இருந்ததால், தொமினிக்கன் மடத்தில் வேலைக்காரர் நிலையில்தான் நுழைந்தார். நோயாளிகளின் காயத்தைக் கழுவினார், முடி திருத்தினார், தரை பெருக்கினார். அந்தத் துடைப்பத்தைப் பணிவின் சின்னம் என்று நாம் வணங்குகிறோம். அது அவருக்கு விதிக்கப்பட்ட படியின் சின்னமும்தான்.

பாடநூல்களில் வரும் வேறொரு வகைப் படங்களையும் சொல்லியாக வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் 'காஸ்தா ஓவியங்கள்' பெருகின. (காஸ்தா என்று இங்கே கலப்பினப் பிரிவுகளைச் சொன்னார்கள்.) பெரும்பாலும் 16 காட்சிகள் கொண்ட தொகுதிகள். ஒவ்வொன்றிலும் ஒரு தந்தை, ஒரு தாய், ஒரு குழந்தை. கீழே, இன்னாரும் இன்னாரும் கூடினால் இன்னது பிறக்கும் என்று சூத்திரம் போல எழுதியிருக்கும். மிகேல் கப்ரேரா 1763இல் வரைந்த தொகுதி புகழ்பெற்றது. துணியின் மடிப்பும் பழத்தின் பளபளப்பும் கண்ணைப் பறிக்கும். தொகுதியின் கடைசிப் பகுதிக்குப் போகப் போகப் பெயர்கள் விசித்திரமாகும்: லோபோ என்றால் ஓநாய், கோயோத்தே என்றால் நரியினத்து விலங்கு, 'அந்தரத்தில் நில்' என்று ஒன்று, 'உன்னைப் புரியவில்லை' என்றே ஒன்று. இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை அன்றாடப் பதிவேடுகளில் தென்படுவதில்லை. பாதிரியார்கள் ஐந்தாறு சொற்களோடு வேலையை முடித்துக்கொண்டார்கள். ஓவியங்கள் பல ஸ்பெயினுக்குப் போனவை. பெருவின் அரசப் பிரதிநிதி ஒரு தொகுதியை 1770இல் மன்னரின் இயற்கைப் பொருள் காட்சியகத்துக்கே அனுப்பினார். தாவரங்களையும் பறவைகளையும் அடுக்கிய அறைக்கு மனிதக் குடும்பங்களையும் அனுப்பியதில் ஆட்சியாளர்களின் மனம் தெரிகிறது. ஒழுங்கு நழுவிக்கொண்டிருந்த காலத்தில், ஒழுங்கு இருப்பதாக அவர்கள் தங்களுக்கே காட்டிக்கொண்ட படங்கள் இவை.

ஆனால் அவற்றில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. ஸ்பானியரும் பூர்வகுடியும் கூடினால் மெஸ்திசோ. மெஸ்திசோவும் ஸ்பானியரும் கூடினால் காஸ்திசோ. அடுத்த தலைமுறையில் மீண்டும் ஸ்பானியர் வந்தால் குழந்தை ஸ்பானியர். மூன்றே தலைமுறையில் திரும்பிவிடலாம். ஆப்பிரிக்க வழிக்கு அந்தக் கதவு இல்லை. எத்தனை முறை வெள்ளையர் கலந்தாலும் ஒரு தலைமுறையில் திடீரெனக் கறுத்த குழந்தை பிறப்பதாக வரைந்து, அதற்குப் 'பின்னோக்கித் திரும்பியது' என்று பெயரிட்டார்கள். இதன் வேர் ஸ்பெயினிலேயே இருந்தது. 1449இல் தொலேதோ நகரம், மதம் மாறிய யூதர்களின் வழியினரைப் பதவிகளிலிருந்து விலக்க 'இரத்தத் தூய்மை' விதியைக் கொண்டுவந்தது. யூதருக்கும் முஸ்லிமுக்கும் எதிராக உருவான அந்தக் கருத்து கடல் கடந்தபோது, அடிமைத்தனத்தின் கறையாக ஆப்பிரிக்க இரத்தத்தின்மேல் இறங்கியது. விடுதலை பெற்ற கறுப்பினப் பெண் பட்டும் முத்தும் பொன்னும் அணியக் கூடாது என்று சட்டமே இருந்தது. ஸ்பானியரை மணந்திருந்தால் சிறிய சலுகை. சட்டம் திரும்பத் திரும்ப நினைவூட்டப்பட்டது, ஏனென்றால் பெண்கள் திரும்பத் திரும்ப அணிந்தார்கள்.

உச்சியில் இருந்த இரு படிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பாடநூல்கள் போதுமான இடம் தருகின்றன. ஒன்று மட்டும். ஸ்பெயினில் பிறந்த பெனின்சுலாரும் அமெரிக்காவில் பிறந்த கிரியோயோவும் இரண்டு இனங்கள் அல்ல. பல வீடுகளில் தந்தையும் மகனும். ஸ்பெயினிலிருந்து வந்த வணிகர் உள்ளூர் வெள்ளையர் குடும்பத்தில் பெண் எடுப்பார். பிறக்கும் மகன் கிரியோயோ. வக்கீலுக்கோ குருத்துவத்துக்கோ படிப்பான். கடையைக் கவனிக்க ஸ்பெயினிலிருந்து தங்கை மகனை வரவழைத்து, அவனுக்கே மகளைக் கட்டிக்கொடுப்பார்கள். ஒரே சாப்பாட்டு மேசையில் இரு படிகளும் உட்கார்ந்திருக்கும். 1687 முதல் 1750 வரை அரசு பணத்துக்கு உயர் நீதிமன்றப் பதவிகளை விற்றபோது கிரியோயோக்கள் அவற்றை வாங்கினார்கள். அதன்பின் அந்த விற்பனை நின்று, புதிய சீர்திருத்தங்கள் ஸ்பெயினிலிருந்தே ஆட்களை இறக்கியபோதுதான் அவர்களுடைய மனக்கசப்பு முற்றியது.

படி மாற முடிந்ததா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை ஒரு விலைப்பட்டியலில் இருக்கிறது. 1795இல் ஸ்பானிய அரசு தான் விற்கும் சலுகைகளுக்கு விலை நிர்ணயித்தது. அதில், ஆப்பிரிக்கக் கலப்பு வழியினரான 'பார்தோ' என்ற நிலையை நீக்க 500 ரியால்; இன்னும் வெளிறிய பிரிவினருக்கு 800 ரியால். மன்னரின் முத்திரையோடு வெள்ளையராகலாம். இன்றைய வெனிசுவேலாவில் உள்ள கராக்கஸ் நகரத்து மேல்தட்டினர் கொதித்துப்போய், 1796இல் நகர மன்றத்தின் வழியாக மன்னருக்கே கண்டனம் அனுப்பினார்கள். அவர்கள் 'மந்துவானோ' என்று அழைக்கப்பட்டவர்கள். தங்கள் பெண்கள் மட்டும் கோயிலுக்கு அணிந்துபோகும் 'மாந்தோ' என்ற முக்காட்டிலிருந்து வந்த பெயர். அதே ஊரில் தியேகோ மெஹியாஸ் பெஹாரானோ என்பவர் பணம் கட்டி அந்த ஆணையைப் பெற்றார். அதை வைத்துக்கொண்டு மகனைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப் போனபோது கதவு திறக்கவில்லை. மன்னர் எழுதிக் கொடுத்த சொல்லை ஊர் ஏற்கவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் படி மாறும்.

நம் சாதியோடு ஒப்பிடலாமா? ஒரு சொல் உறவு நிச்சயம் உண்டு. விலங்கின் வளர்ப்பினத்துக்கும் மனிதரின் வம்சாவளிக்கும் ஐபீரிய மொழிகளில் வழங்கிய 'காஸ்தா'வைத்தான் போர்ச்சுகீசியர் இந்தியாவில் கண்ட சாதிகளுக்கும் வைத்தார்கள். சாதிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'காஸ்ட்' (caste) என்ற சொல் அதிலிருந்து வந்தது. தூய்மை என்ற எண்ணமும், பெண்ணின் திருமணத்தைக் காவல் காத்து அதைப் பேணியதும் நமக்கு அந்நியமானவை அல்ல. சமமில்லாத திருமணத்தைப் பெற்றோர் தடுக்கலாம் என்று ஸ்பெயினில் 1776இல் வந்த சட்டம் 1778இல் அமெரிக்காவுக்கும் நீண்டது. ஆனால் நம் சாதி கலக்காமல் இருப்பதால் நிற்பது. அங்கே காஸ்தாக்கள் கலந்ததால் உண்டானவை. அவற்றுக்கெனத் தனிக் குலப் பஞ்சாயத்தோ, தனிச் சடங்கோ, தமக்குள்ளேயே மணம் செய்யும் கட்டாயமோ இருக்கவில்லை. லோபோக்களின் சங்கம் என்று ஒன்று எங்கும் இருந்ததில்லை. எனவே இரண்டும் ஒன்றே என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. அங்கே வகை பிரித்தது அரசும் திருச்சபையும். ஆகவே அவற்றின் ஆணையே சிலரை விடுவிக்கவும் முடிந்தது.

அப்படி ஒரு விடுதலை நம் துணைக்கண்டத்தவரையும் தொட்டது. பிலிப்பைன்ஸின் மணிலாவிலிருந்து மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கு 1565 முதல் ஓடிய கப்பல்களில் ஆசிய அடிமைகளும் வந்தார்கள். மலபார், சோழமண்டலக் கரை, வங்கம் ஆகிய இடங்களில் போர்ச்சுகீசியர் வாங்கி மணிலாவில் விற்றவர்களும் அவர்களில் உண்டு. எல்லோருக்கும் மெக்சிகோவில் 'சீனர்' என்றே பெயர். வட இந்தியாவில் பிறந்து, கடற்கொள்ளையரிடம் சிக்கி, கொச்சி வழியாக மணிலாவுக்கும் அங்கிருந்து புவெப்லா நகருக்கும் போய்ச் சேர்ந்த கத்தரினா தே சான் ஹுவான் அவர்களில் ஒருவர். 1688இல் இறந்தபோது ஊரே புனிதையாகக் கொண்டாடியது. பூர்வகுடிகளை அடிமையாக்கக் கூடாது என்று 1542ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. 'நாங்களும் மன்னரின் இந்தியோக்கள்தான்' என்று இந்தச் சீனர்கள் வாதாடினார்கள். 1672இல் அரசாணை அவர்களை விடுவித்தது. அதே தெருவில் வாழ்ந்த ஆப்பிரிக்க அடிமைகளுக்கு அந்தச் சொல் கிடைக்கவில்லை. அவர்கள் இன்னும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள்.

விடுதலைப் போர்களோடு இது முடிந்துவிட்டதா என்றால், எழுத்தில் முடிந்தது. பெருவில் 1780இல் குராக்காவான இரண்டாம் துப்பாக் அமாரு கிளர்ந்தெழுந்தபோது, மற்றொரு குராக்காவான மத்தேயோ புமாகாவா மன்னர் பக்கம் நின்று அவரை எதிர்த்தார்; மேல்படியில் இருந்த பூர்வகுடிகள் ஒரே அணியாக இல்லை. மெக்சிகோவில் 1813இல் மொரேலோஸ், அடிமைத்தனமும் காஸ்தா வேறுபாடும் என்றென்றைக்கும் ஒழிக என்று முன்வைத்தார். ஸ்பானியர் ஏட்டில் பதிவான அதே மொரேலோஸ். 1822இல் புதிய மெக்சிகோ, பதிவேடுகளில் குடிமக்களைப் பிறப்பு வழியால் குறிக்கக் கூடாது என்று ஆணையிட்டது. பெருவில் 1821இல் விடுதலைப் படைத் தலைவர் ஹோசே தே சான் மார்த்தின் தலைவரியை ஒழித்தார். இந்தியோ என்ற சொல்லையும் விலக்கி, இனி அவர்கள் பெருவின் குடிமக்கள் என்றார். கருவூலம் காலியானதும் 1826இல் அதே வரி 'பூர்வகுடிகளின் பங்களிப்பு' என்ற புதுப் பெயரில் திரும்பி வந்தது. கடல் பறவைகளின் எச்சத்தை உரமாக விற்றுக் கஜானா நிறைந்த பிறகு, 1854இல்தான் பெருவின் ஆட்சித் தலைவர் ரமோன் காஸ்தில்லா அதை நீக்கினார். அடிமை முறையும் அதே ஆண்டில்தான் அங்கே ஒழிந்தது.